அம்மா வீட்டுக் கேமராவும் தேனிக் கோபுரங்களும்

திருப்பாப்புலியூர்ல எங்க அம்மா தனியா இருக்காங்க. நான் சென்னைல. அப்பா போனப்புறம் கூடத்துல ஒரு நெட் கேமரா மாட்டி வச்சேன். ஃபோன்ல ஆப்பைத் திறந்தா கூடம், ஊஞ்சல், சமையல்கட்டு வாசல் மூணும் தெரியும். அம்மா ஊஞ்சல்ல உக்காந்திருந்தா நம்ம வேலையைப் பார்க்கலாம். அவ்வளவுதான் அதோட பயன்.

ஆனா ரெண்டு வருஷத்துல அது படம் காட்டினதைவிட "கேமரா இணைப்பில் இல்லை"ன்னு சொன்னதுதான் அதிகம். ஒவ்வொரு தடவையும் கேமராவைத் திட்டினேன். ஒரு தடவை கேமராவையே மாத்தினேன். புதுசும் அதையே சொல்லிச்சு. கடைசில 2024 நவம்பர் 30 ராத்திரி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறிக்கிட்டிருந்தப்ப, படம் போச்சு. கொஞ்ச நேரத்துல அம்மா ஃபோனும் போச்சு.

அந்தக் கதையைக் கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். ஏன்னா "கேமரா ஏன் இணைப்பில் இல்லை" என்ற கேள்விக்கே முப்பது வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. அதுல ஒரு முக்கியமான அத்தியாயம் நடந்தது நம்ம தமிழ்நாட்டுல. படிச்சிட்டு எனக்கே ஆச்சரியமாப் போச்சு.

முதல் கேமராவை எல்லாருக்கும் தெரியும். 1991-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்துல டிரோஜன் ரூம்னு ஒரு அறை. அதுக்கு வெளியே ஒரு காபி மெஷின். மத்த மாடியில இருக்கிறவங்க இறங்கி வந்து பார்த்தா ஜாடி காலியா இருக்கும். கடுப்பாகி ஒரு கேமராவை ஜாடி மேல திருப்பி, ஏகார்ன் ஆர்க்கிமிடிஸ் கணினில சொருகிட்டாங்க. குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர் படத்தைப் பார்க்கிற மென்பொருளை எழுதினார், பால் ஜார்டெட்ஸ்கி அனுப்புற மென்பொருளை எழுதினார். 128க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை, நிமிஷத்துக்கு மூணு படம். 1993 நவம்பர்ல டேனியல் கார்டனும் மார்ட்டின் ஜான்சனும் அதை வலையில ஏத்தினாங்க. உலகமே ஒரு காபி ஜாடியைப் பார்க்க ஆரம்பிச்சது.

நானும் பார்த்தேன். 2001-ல் சிதம்பரத்துல படிச்சப்ப, ஒரு பிரவுசிங் சென்டர்ல மரத்தடுப்புக்குப் பின்னாடி உக்காந்து, மணிக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து. டயல்-அப் இணைப்புல படம் மேலேர்ந்து கோடு கோடா இறங்கும். பாதி ஜாடி தெரியும்போது லைன் கட்டாகும். கேம்பிரிட்ஜ்ல காபி இருக்கா இல்லையான்னு தெரியாமலே எழுந்து வந்திருக்கேன். அதே வருஷம் ஆகஸ்ட் 22-ம் தேதி அதை நிறுத்திட்டாங்க. ஆய்வகம் புதுக் கட்டடத்துக்குப் போச்சு, பழைய மென்பொருளைக் கட்டிக்கிட்டு அழ ஆளில்லை. ஜாடியை ஈபேல ஏலம் விட்டதுல ஜெர்மனியின் ஷ்பீகல் ஆன்லைன் 3,350 பவுண்டுக்கு எடுத்துச்சு. காபியே போட முடியாத ஜாடி!

இதுல ஒண்ணைக் கவனிக்கணும். அந்தக் கேமராவுக்குன்னு சொந்த விலாசம் கிடையாது, கணினியோட வால் பிடிச்சுத்தான் போகும். 1996-ல் ஸ்வீடனின் ஆக்சிஸ் கம்பெனி நெட்ஐ 200 என்று ஒரு பெட்டியை விட்டுச்சு. கணினி வேண்டாம், நெட்வொர்க் ஒயரை நேரா கேமராவிலேயே சொருகலாம். அதுக்கே ஒரு ஐ.பி. விலாசம். இப்ப எங்க வீட்டுக் கூடத்துல இருக்கிறது அதோட பேரப்புள்ளைதான். நொடிக்கு ஒரு படம் வந்தாலே அன்னிக்குப் பெரிய விஷயம்.

விலாசம் கிடைச்சதும் விலாசப் பிரச்சினையும் வந்தது. உலகத்துல இருக்கிற ஐ.பி. விலாசங்கள் (பழைய வகை, நாலாம் பதிப்பு) நானூறு கோடிச் சொச்சம். எல்லாருக்கும் பத்தாதுன்னு 1994-லேயே தெரிஞ்சு, நேட் என்று ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. வீட்டுக்குள்ள ஆயிரம் பேர் இருந்தாலும் தெருவுக்கு ஒரே கதவு எண். உள்ளே இருக்கிறவர் வெளியே கூப்பிடலாம். வெளியில இருக்கிறவர் கதவைத் தட்டினா உள்ளே யாரைக் கூப்பிடறார்னு யாருக்கும் தெரியாது. நம்ம பகுதிக்கு விலாசம் பிரிச்சுக் கொடுக்கிற ஏப்நிக் அமைப்புகிட்ட 2011 ஏப்ரல் 15 அன்னிக்குத் தாராளமாக் கொடுக்கிற கையிருப்பு தீர்ந்துச்சு. அப்புறம் இணைய நிறுவனங்களே ஒரு கதவுக்குப் பின்னாடி ஊரையே அடைக்க ஆரம்பிச்சாங்க. "ரௌட்டர்ல போர்ட்டைத் திறந்து விடு, கேமரா வந்துடும்"னு பழைய ஆளுங்க சொல்ற வைத்தியம் இப்ப பல வீடுகள்ல பலிக்காததுக்குக் காரணம் இதுதான். உங்க வீட்டுக் கதவைத் திறக்கலாம், ஊர்க்கதவை நீங்க திறக்க முடியாது.

இனி நம்ம ஊர்.

2001 நவம்பர்ல மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துல 'சாரி'ன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. சென்னை ஐ.ஐ.டி.யில பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் வயர்லெஸ்ல கிராமங்களுக்கு இணையம். வேகம் 35 கிலோபிட், ஃபோன் பேசலேன்னா 70. இன்னிக்கு ஒரு ஸ்டிக்கர் அனுப்பவே பத்தாது. ஆனா அதுல ஒரு காரியம் பண்ணினாங்க. கிராமத்து மையத்துல இருக்கிறவர் வெப்கேமராவால நோயாளியின் கண்ணைப் படம் பிடிச்சு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சல்ல அனுப்புவார். டாக்டர் பார்த்துட்டு, புரை இருக்கு வாங்கன்னோ, சொட்டுமருந்து போதும்னோ பதில் போடுவார். அந்தக் கிராம மையங்கள்ல பெரும்பாலானவை சில வருஷத்துல மூடிட்டாங்க, அது தனி சோகம். ஆனா கேமரா வழியா கண்ணைப் பார்க்கலாம் என்பது அரவிந்துக்குப் புரிஞ்சு போச்சு.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோட மதுரையில ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. (நம்ம கடலூர்க்காரங்களுக்கு அடையாளம் சொல்லணும்னா, பாண்டி போற வழியில தவளக்குப்பத்துல 2003-ல் திறந்தாங்களே, அவங்கதான். எங்க அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் அங்கதான் ஆபரேஷன்.) கிராமத்துக்கு டாக்டரை அனுப்பறதுக்குப் பதிலா, சின்னச் சின்ன விஷன் சென்டர் திறந்து, பயிற்சி பெற்ற ஒரு பொண்ணு கண்ணைப் பரிசோதிச்சு, கடைசில நோயாளியை வெப்கேமரா முன்னாடி உக்கார வச்சு, தேனியில இருக்கிற டாக்டர் நேருக்கு நேர் பேசி முடிவு சொல்றதுன்னு திட்டம். பாதியில படம் உறைஞ்சு நின்னா டாக்டருக்கு ஒண்ணும் பண்ண முடியாது. பாட்டி கூலியை விட்டுட்டு, பஸ் பிடிச்சு வந்திருக்கும்.

அதுக்கு நெட்வொர்க் போட வந்தவங்க கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்காரங்க. எரிக் ப்ரூவர் என்ற பேராசிரியரின் 'டியர்' குழு. அவங்க எடுத்த பொருள் சாதாரண வைஃபை. நம்ம வீட்டுல பக்கத்து ரூமுக்கே எட்டாத அதே வைஃபை! தேனி ஆஸ்பத்திரியையும் அஞ்சு விஷன் சென்டரையும் 9 இணைப்புகளால கட்டினாங்க. குறைஞ்ச தூரம் 1 கிலோமீட்டர், ஆண்டிப்பட்டி பக்கம் போனது 15 கிலோமீட்டர். 24 மீட்டர்ல இருந்து 42 மீட்டர் வரை கோபுரங்கள். ஒரு இடத்துல டெக்ஸ்டைல் ஆலையின் மின்நிலையப் புகைபோக்கி மேலேயே ஆன்டெனாவைக் கட்டிட்டாங்க. அசல் தமிழ்நாட்டு யோசனை, யார் சொன்னாங்களோ.

முதல்ல வந்த சிக்கல் தூரம். வைஃபைக்கு ஒரு சுபாவம் உண்டு. ஒரு துண்டு தகவலை அனுப்பிட்டு, "கிடைச்சிடுச்சு"ன்னு அந்தப் பக்கத்துப் பதிலுக்குக் காத்திருக்கும். வீட்டுக்குள்ள பதில் கண் சிமிட்டறதுக்குள்ள வந்துடும். பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர்ல பதில் வரக் கொஞ்சம் தாமதம். அதுக்குள்ள இது பொறுமை இழந்து, போய்ச் சேரலைன்னு நினைச்சு மறுபடி அனுப்பும். போன கடிதத்தையே திரும்பத் திரும்பப் போடற மாதிரி. போதாக்குறைக்கு ஒரே கோபுரத்துல ரெண்டு ஆன்டெனா இருந்தா, ஒண்ணு பேசும்போது இன்னொண்ணுக்குக் காது கேக்காது. அதனால வைஃபையின் பழைய ஒழுங்கையே தூக்கிப் போட்டுட்டு, இவ்வளவு நேரம் நீ பேசு, இவ்வளவு நேரம் நான் பேசறேன்னு முறை வச்சாங்க. வைல்டுநெட்னு பேரு, 2007-ல் கட்டுரையா வந்தது. வேகம் ரெண்டுல இருந்து அஞ்சு மடங்கு ஏறிச்சு. டாக்டர் முகம் தெளிவாத் தெரிஞ்சது.

பெரிய பல்கலைக்கழகத்துக் கணக்குன்னா இதோட முடிஞ்சிருக்கணும். கட்டுரை வந்தாச்சு, கைதட்டு வாங்கியாச்சு. ஆனா எனக்குப் பிடிச்சது அடுத்த வருஷம் 2008-ல் அவங்க எழுதினதுதான். நெட்வொர்க்கை உயிரோட வச்சிருக்கப் பட்ட பாட்டை அதுல ஒளிக்காமச் சொல்லியிருக்காங்க. ரௌட்டர்கள் சாகுது. அடாப்டர் புகையுது. மெமரி கார்டுல எழுதினது அழிஞ்சு போகுது. போய்ப் பார்த்தா வயர்லெஸ்ல ஒரு கோளாறும் இல்லை. கோளாறு கரண்ட்ல.

கரண்ட் போறதை அவங்க எதிர்பார்த்துத்தான் வந்தாங்க. கரண்ட் வர்ற லட்சணத்தைத்தான் எதிர்பார்க்கலை. கிராமப்புற மின்சாரத்தை அளந்து பார்த்தா 70 வோல்ட்டுக்குக் கீழே இறங்குது, 350 வோல்ட்டுக்கு மேல ஏறுது, நடுவுல 500 வோல்ட் அளவுக்கு வெட்டி வெட்டி வருது. நமக்குத் தெரியாதா? டியூப்லைட் மினுக் மினுக்குன்னு எரிஞ்சா "லோ வோல்டேஜ், மோட்டாரை நிறுத்து"ன்னு கத்துற ஜனம் நாம. ஆனா ரௌட்டருக்கு அது தெரியாது. வோல்ட் குறைஞ்சா அது சாகவும் இல்லாம, பிழைக்கவும் இல்லாம அரை மயக்கத்துல நிக்கும். தானா ரீஸ்டார்ட் ஆகவும் தெம்பு இருக்காது. விளக்கு மட்டும் எரியும்.

பெர்க்லில உக்காந்திருக்கிறவருக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குத் தெரியறதெல்லாம் ஒண்ணே ஒண்ணு, "இணைப்பில் இல்லை". ஊர்லயே கரண்ட் இல்லையா, ரௌட்டர் செத்துச்சா, ஆன்டெனா திரும்பிக்கிச்சா? மூணுக்கும் அதே செய்திதான். அதனால ஃபோன் போட்டு அங்க இருக்கிற ஊழியரைக் கேக்கணும். விளக்கு எரியுதா? எந்த விளக்கு? என்ன நிறம்? இதைப் படிச்சப்ப சிரிச்சுட்டேன், அம்மாகிட்ட நான் கேக்கிற அதே கேள்விகள். கொஞ்ச நாள்ல அவங்களுக்குப் புரிஞ்சது, நெட்வொர்க்கைப் பார்த்துக்க வேண்டியது அங்கேயே இருக்கிறவங்கதான்னு. உள்ளூர் ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. 70 டாலர் அளவுக்கு ஒரு மின்கட்டுப்பாட்டுப் பெட்டி செஞ்சாங்க. வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே போனா, அரைகுறையா இழுத்துக்கிட்டு நிக்காம சுத்தமா அணைச்சுடும், நல்லா வந்தப்புறம் போடும். மெமரி கார்டைப் படிக்க மட்டும், எழுதக் கூடாதுன்னு பூட்டினாங்க.

இன்னொரு வேலையும் பண்ணினாங்க. நேட் கதவுக்குப் பின்னாடி இருக்கிற ரௌட்டரை அமெரிக்காவிலிருந்து தட்டி எழுப்ப முடியாது இல்லையா? அதனால ரௌட்டரே தினமும் வெளியே வந்து அமெரிக்கால இருக்கிற சர்வரைக் கூப்பிடும், "நான் இருக்கேன்"னு. ஹாஸ்டல் புள்ளைங்க வீட்டுக்கு ஃபோன் பண்ற மாதிரி. அந்த அழைப்பு வழியாவே இவங்க உள்ளே நுழைஞ்சு ரிப்பேர் பார்ப்பாங்க. இன்னிக்கு க்யூஆர் கோடைக் காட்டினதும் வேலை செய்யற எல்லா வீட்டுக் கேமராவும் இதே தர்க்கத்துலதான் ஓடுது. கேமராதான் எங்கேயோ இருக்கிற சர்வரைக் கூப்பிடுது, நம்ம ஃபோனும் அங்கே போய்ச் சேருது. (அந்த சர்வர் யாரோடது, நம்ம கூடத்துப் படம் அங்க எவ்வளவு நாள் கிடக்கும் என்பது தனிப் பதிவுக்கான விஷயம். பாஸ்வேர்டை மாத்தாத கேமராக்களையும் ரெக்கார்டர் பெட்டிகளையும் கூட்டமா வளைச்சுப் போட்டு, 2016 அக்டோபர் 21-ல் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கி, அமெரிக்கால பெரிய பெரிய தளங்களையே முடக்கினாங்க. மிராய்னு பேரு. பாஸ்வேர்டை இன்னிக்கே மாத்திடுங்க.)

இதெல்லாம் படிச்சப்புறம் தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப கேமராவை விட்டுட்டு மத்த எல்லாத்தையும் பார்த்தேன்.

முதல்ல பச்சை பிடிச்ச ஒயர். கடல் காத்து. ரௌட்டர்லேர்ந்து மாடிக்குப் போற ஒயரின் முனையில செப்புக் கம்பி பச்சையாப் பூத்திருந்தது. வெட்டிப் புது முனை போட்டேன். அடுத்து வைஃபை. நிறைய வீட்டுக் கேமராக்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரௌட்டர் ரெண்டு அலைக்கும் ஒரே பேர் வச்சிருந்தது. பேரைப் பிரிச்சேன்.

ஆனா நிஜமான திருடன் வேற. எங்க ஏரியால கரண்ட் போய்ப் போய் வரும். 1962-லேர்ந்து மின்சாரம் எடுக்கிற நெய்வேலி எங்க மாவட்டத்துல இருந்து என்ன புண்ணியம்? கரண்ட் வந்ததும் கேமரா அரை நிமிஷத்துல முழிச்சுக்கும். ஃபைபர் பெட்டி முழிக்க ரெண்டு மூணு நிமிஷம். கேமரா எழுந்து "எனக்கு விலாசம் கொடு"ன்னு கேக்கும்போது கொடுக்க ஆளில்லை. கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துட்டுச் சோர்ந்து போய் உக்காந்துடும். பெட்டி எழுந்தப்புறமும் இது மறுபடி கேக்காது. அதுக்கு மேல, அந்தக் கேமராவுக்குள்ள கடிகாரத்துக்குன்னு பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தா தேதி 1970 ஜனவரி 1-க்குப் போயிடும், கணினிகள் நாள் எண்ண ஆரம்பிக்கிற தேதி அது. 1970-ல் இருக்கிற கேமரா போய் இன்னிக்கு சர்வர் காட்டுற சான்றிதழைப் பார்த்தா, அது இன்னும் செல்லுபடி ஆகவே ஆரம்பிக்கலைன்னு தோணும், இணைப்பையே மறுத்துடும். ரெண்டு கேமராவை மாத்தினவனுக்கு இது தெரிய ரெண்டு வருஷம் ஆச்சு :-) பெட்டியையும் கேமராவையும் ஒரு சின்ன இன்வெர்ட்டர்ல போட்டேன். பிரச்சினை தொண்ணூறு சதவீதம் தீர்ந்தது.

அப்புறம்தான் ஃபெஞ்சல்.

அன்னிக்கு ராத்திரி இன்வெர்ட்டர் இருக்கு, பேட்டரி இருக்கு, அப்படியும் படம் போச்சுன்னா என்ன அர்த்தம்? வீட்டுக்கு ஏதோ ஆயிடுச்சு. எனக்கு அப்படித்தான் தோணிச்சு. ஞாயிறு முழுக்க ஃபோன் போகலை. திங்கட்கிழமை, டிசம்பர் 2, சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை கரை தாண்டிச்சுன்னு டி.வி.யில கடலூரைக் காட்டறாங்க. எங்க தெரு ஆத்துலேர்ந்து தள்ளித்தான். தெரியும். ஆனா தெரியறது வேற, பார்க்கிறது வேற. ஆப்பைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஃபோன் பேட்டரிதான் தீர்ந்தது. அன்னிக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணன் ஃபோன்லேர்ந்து அம்மா கூப்பிட்டாங்க.

"நல்லா இருக்கேன்டா. வீட்டுக்குள்ள தண்ணி வரலை. நீ சாப்பிட்டியா?"

"கேமரா ஏம்மா அணைஞ்சு போச்சு? அந்த இன்வெர்ட்டர்ல என்ன லைட் எரியுது?"

"எதுவும் எரியலை. நான்தான் எல்லாத்தையும் புடுங்கி வச்சிருக்கேன்."

"ஏன்?"

"தானே புயலப்ப என்ன ஆச்சு, மறந்துட்டியா?"

மறந்துதான் போயிட்டேன். 2011 டிசம்பர் 30 விடியக்காலையில தானே கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல அடிச்சு, ஆயிரக்கணக்குல மின்கம்பம் சாய்ஞ்சு, வாரக்கணக்குல இருட்டு. எங்க வீட்டுல புயல்ல போனது நாலு ஓடு மட்டும்தான். டி.வி.யும் ஃப்ரிட்ஜும் போனது கரண்ட் திரும்பி வந்த அன்னிக்கு, முதல் நிமிஷத்துல. பெர்க்லிக்காரங்க கருவி வச்சு அளந்து எழுதினதை அம்மா ஒரு டி.வி., ஒரு ஃப்ரிட்ஜ் விலை கொடுத்துத் தெரிஞ்சு வச்சிருக்காங்க. காத்து பலமானதும் முதல்ல போய்ப் புடுங்கினது இன்வெர்ட்டர் ஒயரை. இந்தத் தடவை எதிர்வீட்டுல மோடம் போச்சு. எங்க வீட்டுல ஒண்ணும் ஆகலை.

கரண்ட் வந்து ஒரு நாள் கழிச்சு, வோல்டேஜ் நிலையா இருக்குன்னு அவங்களுக்கே நம்பிக்கை வந்தப்புறம், மறுபடி சொருகச் சம்மதிச்சாங்க. நான் ஃபோன்ல சொன்னேன், "முதல்ல அந்த வெள்ளைப் பெட்டி. சொருகிட்டு ஒரு காபி போட்டுக் குடி. குடிச்சு முடிச்சப்புறம் கேமரா."

"காபி குடிக்கிறதுக்கும் கேமராவுக்கும் என்னடா சம்பந்தம்?"

"குடியேன்."

இருபது நிமிஷம் ஆச்சு. ஆப்ல சக்கரம் சுத்திச்சு, சுத்திச்சு, படம் வந்தது. ஊஞ்சல் மேல டம்ளர். அம்மா கேமராவுக்கு ரொம்பக் கிட்ட நின்னு, "வந்துச்சா?"ன்னு அதையே பார்த்துக் கேட்டாங்க. மூலையில தேதி 1970 ஜனவரி 1. அப்ப அம்மாவுக்கு ஏழு வயசு. ஒரு நிமிஷத்துல அது தானே சரியாயிடுச்சு.